அந்தக் கடைசி 7 கிலோமீற்றர்: பஸ் நேர அட்டவணை போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். வன்னியில் எந்த வீதிக்கு எந்த நேரம் எந்தப் பஸ் என்று தீர்மானிக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். அரச பஸ்ஸுக்கு யார் பொறுப்பு, தனியார் பஸ்ஸுக்கு யார், வழித்தட அனுமதி யார் கையில் என்பதெல்லாம் எங்களுக்கும் ஓரளவு தெரியும். முறைப்பாட்டோடு வந்தால் ஒருவர் மற்றவருடைய கந்தோரைக் காட்டிவிடுவார் என்பதும் தெரியும். அதனால்தான் பொதுவாக ஒரே மடல்.

ஊரின் பெயரை வேண்டுமென்றே போடவில்லை. போட்டால் அந்த ஊருக்கு மட்டும் இரண்டு கிழமை ஒழுங்காகப் பஸ் விட்டுவிட்டுக் கோவையை மூடிவிடுவீர்கள். கண்டி-யாழ்ப்பாணம் பெருந்தெருவான ஏ-9 வீதியிலிருந்து கிழக்கே இறங்கி, அதிலிருந்தும் கிரவல் வீதியில் திரும்புகிற ஏதோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன வியாழக்கிழமை பின்னேரம் 5.30க்கு நகரத்திலிருந்து வெளிக்கிட்ட பஸ்ஸில் நானும் வந்தேன். எங்கள் ஊர்தான் அதன் கடைசித் தரிப்பிடம். அட்டவணையிலும் அப்படித்தான், பஸ்ஸின் முன் பலகையிலும் அப்படித்தான். வழியில் ஆட்கள் இறங்கி இறங்கி, சந்திக்கு வரும்போது நாலு பேர் மிச்சம். சந்தியிலிருந்து எங்கள் ஊருக்கு 7 கிலோமீற்றர். சாரதி பாலை மரத்தைச் சுற்றி பஸ்ஸைத் திருப்பி, வந்த பக்கம் பார்த்து நிறுத்தினார். நடத்துனர் வந்து, "அண்ணை, நாலு பேருக்காக உள்ளுக்குப் போய் வாறதுக்கு டீசல் கட்டாது. குறை நினைக்காதேங்கோ" என்றார்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எங்கள் ஊர் ஐயா ஒருவர். எழுபது வயது தாண்டிவிட்டது. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, ஜெய்ப்பூர் செயற்கைக் கால்தான். ஆஸ்பத்திரியில் கிளினிக் முடித்து, ஒரு மாதத்துக் குளிசைகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். "தம்பி, நான் ரிக்கற் கடைசி வரைக்கும் எடுத்தனான்" என்றார். நடத்துனர் உடனே பையைத் திறந்து ஆளுக்கு 40 ரூபா மிச்சக் காசை எண்ணிக் கொடுத்தார். அவர் கள்ளன் இல்லை. கணக்கு மிகச் சரி. 40 ரூபாவும் நாலு பேரும் வீதியில் நின்றோம்.

சந்தியில் இரண்டு ஓட்டோ உண்டு. ஒன்று ஹயர் போய்விட்டது. மற்ற ஓட்டோக்காரர், முதல்நாள் பின்னேரம் குளக்கட்டில் யானை நின்றது, இருட்டில் வரப் பயம் என்றார். பிறகு 1500 ரூபா என்றால் வருகிறேன் என்றார். அவரையும் குறை சொல்லமாட்டேன். எங்களோடு நின்றவர்களில் ஒரு பிள்ளை உயர்தரம் படிக்கிறவள், பௌதிகவியல் வகுப்பு முடித்து வந்தவள். அவளிடம் அந்த 40 ரூபாவைத் தவிர வேறு காசு இல்லை. மற்றவள் புடவைக் கடையில் வேலை செய்கிறவள். அவளுடைய ஒரு நாள் சம்பளத்தோடு 1500 ரூபாவை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை உங்களிடமே விடுகிறேன்.

பேரம் பேசி முடிய முக்கால் மணித்தியாலம் போனது. அதற்கிடையில் ஐயா மதகில் குந்தியிருந்து, வேட்டியை மெல்ல விலக்கி, காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். காலையிலிருந்து வரிசையில் நின்றதில் முட்டுக்குக் கீழே உரஞ்சிப் புண்ணாகியிருந்தது. சால்வை நுனியால் ஒற்றிக்கொண்டு, அந்தப் பிள்ளையைப் பார்த்து, "அங்கால பார் மோனை" என்றார். வீட்டுப் படியில், விளக்கை எட்டவைத்துவிட்டுச் செய்கிற காரியம் அது. அதைச் சந்தியில், ஒரு பள்ளிப் பிள்ளைக்கு முன்னால் செய்யவேண்டி வந்ததே என்றுதான் அவர் கூசினார். புண்ணைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. டீசல் கணக்குப் போடும்போது இதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள் என்று அறிய ஆவலாயிருக்கிறேன்.

கடைசித் தரிப்பிடம் வரை பஸ் வரவேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

"ஆளில்லை" என்பது உங்கள் பக்கத்து நியாயம். அது பொய்யில்லை. ஆனால் ஆள் எப்படி இல்லாமல் போனது என்றும் பாருங்கள். பஸ் வருமோ வராதோ என்ற சந்தேகத்தில் ஊரில் பாதிப்பேர் லீசிங்கில், அதாவது தவணைக் கடனில், மோட்டார் சைக்கிள் எடுத்தார்கள். அதனால் பஸ்ஸில் ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததால் பஸ் சந்தியோடு திரும்பத் தொடங்கியது. அதைப் பார்த்து மிச்சப் பேரில் பாதியும் லீசிங்குக்குப் போனார்கள். (எனக்கும் ஒன்று இருந்தது. நாலு தவணை தவறியதும் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அது வேறு மடல்.) இப்போது பஸ்ஸுக்கு மிஞ்சியிருப்பவர்கள் மோட்டார் சைக்கிள் ஓட முடியாதவர்கள்தான்: கிழவர்கள், பள்ளிப் பிள்ளைகள், கால் இல்லாதவர்கள், கைக்குழந்தைக்காரிகள். நாலு பேர் என்று நடத்துனர் எண்ணியது இவர்களைத்தான்.

காலையிலும் இதே கதை. முதல் பஸ் நகரத்திலிருந்து வந்துதான் எங்களை ஏற்றிக்கொண்டு திரும்பவேண்டும். அது ஊருக்கு வரும்போது 8 மணி ஆகிவிடும். கிளினிக்கில் அதற்குள் நம்பர் கொடுத்து முடித்துவிடுவார்கள். ஐயா அன்று காலை எப்படிப் போனார் தெரியுமா? பால் சேர்க்கிற பொடியனுடைய மோட்டார் சைக்கிளில், இரண்டு பக்கமும் பால் கான்களுக்கு நடுவில், செயற்கைக் காலைக் கையால் பிடித்துக்கொண்டு.

நகரங்களில் கைத்தொலைபேசியைத் தட்டினால் வாசலுக்கு வாகனம் வருகிறது. பிக்மீ, ஊபர் என்று கொழும்பிலிருந்து வருகிற மருமக்கள் செயலியைத் திறந்து காட்டுகிறார்கள். எங்கள் ஊரில் அதைத் திறந்தால் சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். சிக்னல் பிடிக்கக் குளக்கட்டில் ஏறவேண்டும், அங்கேதான் யானை. அதற்காக நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஊருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. "நாளைக்கு விடிய மாங்குளம் போறன், பின்னால ஒரு ஆள் வரலாம்", "பஸ் ஒட்டுசுட்டான் தாண்டிட்டுது", "இண்டைக்கும் சந்தியோட திருப்பிட்டான்" என்று செய்தி வந்துகொண்டிருக்கும். சந்தித் தேத்தண்ணிக் கடைக்காரர்தான் எங்களுடைய நேரக் காப்பாளர். சம்பளமில்லாமல் செய்கிறார். ஆனால் ஒருவர் பின்னால் ஒருவர் ஏறிப் போகிற இந்த ஏற்பாடு ஆம்பிளைகளுக்குத்தான் சரிவரும். புடவைக் கடைப் பிள்ளை இரவில் யாருடைய மோட்டார் சைக்கிளில் ஏறுவாள்?

இன்னொரு பக்கம் ஏ-9ஐப் பாருங்கள். அங்கே ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பஸ், ஒன்றையொன்று முந்திக்கொண்டு. பிறகு முக்கால் மணித்தியாலம் காகம்கூட இல்லை. தனியாருக்கு 60, அரசுக்கு 40 என்று பங்கு பிரிக்கிற இணைந்த நேர அட்டவணைக்காக எத்தனை கூட்டம், எத்தனை பகிஷ்கரிப்பு! அந்தச் சண்டை முழுவதும் காசு வருகிற பெருந்தெருவுக்காகத்தான். எங்கள் வீதியில் 60ஐயும் யாரும் கேட்கவில்லை, 40ஐயும் யாரும் கேட்கவில்லை. தூரப் பஸ்காரருக்கு நாங்கள் "கிட்டத்து ஆக்கள்", கை காட்டினால் நிற்கமாட்டார். முறிகண்டியில் தேங்காய் உடைக்க மட்டும் தவறாமல் நிற்பார். பிள்ளையாருக்கு நிற்கிற பஸ் பள்ளிப் பிள்ளைக்கு நிற்காது.

ரயிலைப் பிடியுங்கள் என்பீர்கள். 1990இல் நின்ற ரயில் 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது, அடுத்த வருடம் யாழ்ப்பாணமும் போனது. நல்ல விஷயம். ஆனால் முல்லைத்தீவு நகருக்குத் தண்டவாளம் இல்லை. மாங்குளத்திலோ பரந்தனிலோ இறங்கினால் அங்கிருந்து கிட்டத்தட்ட 50 கிலோமீற்றர் வீதி, அது முழுக்கப் பஸ்ஸை நம்பித்தான். ரயில் வரும் நேரத்துக்கும் பஸ் வெளிக்கிடும் நேரத்துக்கும் ஏதாவது தொடர்பு இருந்தால், அது தற்செயல்.

கொழும்புக்கு இலகு ரயில் என்று ஜப்பான் கடனில் ஒரு திட்டம் வந்து, 2020இல் அது கைவிடப்பட்டதும் பத்திரிகைகள் துக்கம் கொண்டாடின. நாங்களும் வாசித்துத் துக்கப்பட்டோம். இப்போது வங்கி அட்டையால் பஸ் கட்டணம் செலுத்தும் வசதி வந்திருக்கிறதாம். அட்டை எங்களிடமும் இருக்கிறது ஐயா. அதைக் காட்டத்தான் பஸ் இல்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்ல வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன்.

1958இல் அரசு பஸ் கம்பனிகளைப் பொறுப்பெடுத்த பிறகு, லாபம் வராத கிராமத்து வீதிகளுக்கும் பஸ் போகத் தொடங்கியது. அப்படி எங்கள் ஊருக்கு வந்தது ஒரு தங்கல் பஸ். பின்னேரம் வந்து, இரவு ஆலமரத்தடியில் நின்று, விடிய 5 மணிக்கு வெளிக்கிடும். சாரதியும் நடத்துனரும் சங்கக்கடை விறாந்தையில் படுப்பார்கள், இரவுச் சாப்பாடு முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்து போகும். அந்தப் பஸ்ஸின் ஹோண் சத்தத்தில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டுவார்கள். பிறகு சண்டையும் பொருளாதாரத் தடையும் வந்தன. டீசல் இல்லாத அந்த வருடங்களிலும் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடிய தட்டிவான் என்கிற பழைய வாகனம் ஒன்று ஊர்வரைக்கும் வந்தது. பாட்டரிப் பெட்டியில் கால் வைத்து, மூட்டைக்கு மேல் ஏறி இருந்து வந்தோம், ஆனால் ஊருக்கே வந்து இறங்கினோம். 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் காட்டி வரிசையில் நின்ற காலத்தில் பஸ் வரவில்லை. அப்போது யாரும் மடல் எழுதவில்லை. நாட்டுக்கே இல்லாததை நாங்கள் மட்டும் எப்படிக் கேட்பது? இப்போது டீசல் இருக்கிறது, பெருந்தெருவுக்குக் கார்ப்பெட் தார் இருக்கிறது. மண்ணெண்ணெயில் வந்தது டீசலில் வரமாட்டேன் என்கிறது.

ஆகையால் எங்கள் பணிவான வேண்டுகோள் இது. 5.30 பஸ்ஸை கடைசித் தரிப்பிடம் வரை ஓடச் செய்யுங்கள். வந்த பஸ் அன்றிரவு ஊரிலேயே தங்கி, விடிய 5.30க்கு வெளிக்கிடட்டும். இதற்குப் புதுப் பஸ் தேவையில்லை. மாலையில் வெறுமையாகத் திரும்பும் ஓட்டமும், காலையில் வெறுமையாக வரும் ஓட்டமும் மிச்சம். அந்த டீசலைக் கணக்குப் பார்த்தால் உங்களுக்கே இலாபம் தெரியும். பெரிய பஸ் கட்டாது என்றால் சின்ன பஸ் விடுங்கள், நாங்கள் நெருக்கி இருந்துகொள்வோம். அதுவும் முடியாத நாளில், முடியாது என்று மத்தியானத்துக்கு முன்னரே சந்திக் கடைக்காரருக்கு ஒரு அழைப்பு எடுத்துச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகளை நகரத்தில் சொந்தக்காரர் வீட்டில் நிற்பாட்டிக்கொள்வோம்.

உயர்தரப் பிள்ளையைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த வியாழக்கிழமை அவள் வகுப்புக்குப் போகவில்லை. தகப்பன் விடவில்லை. அடுத்த வியாழனுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

சாரதிக்கும் நடத்துனருக்கும் பொதுநோக்கு மண்டபத்தின் பின் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறோம். மின்விசிறி உண்டு, நுளம்பு வலை உண்டு, கிணறு பக்கத்தில். சாப்பாட்டு முறைக்கு இதுவரை 23 வீடுகள் பெயர் கொடுத்திருக்கின்றன. முதல் நாள் சாப்பாடு தன் வீட்டிலிருந்துதான் என்று ஐயா சொல்லியிருக்கிறார். அறைத் திறப்பு சங்கக்கடையில் இருக்கிறது.

இப்படிக்கு,
சந்தியிலிருந்து 7 கிலோமீற்றர் உள்ளே இருந்து,
ரிக்கற்றைக் கடைசி வரைக்கும் எடுத்த நாலு பேரில் ஒருவன்