விட்டு விட்டு வரும் காய்ச்சலும் வீட்டில் இருக்க வேண்டிய நோட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "பிள்ளைக்கு ஒரு மாசமா காய்ச்சல் விட்டு விட்டு வருது" என்று ஓ.பி.க்கு வரும் தாய்மாரிடம் நாங்கள் முதலில் கேட்பது, "விட்டிருந்த நாள்ல பிள்ளை எப்படி இருந்தான்?" என்பதைத்தான். பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. மருந்துச் சீட்டுகள் ஒரு பை நிறைய இருக்கும். எந்தத் தேதியில் காய்ச்சல் தொடங்கியது, எந்தத் தேதியில் விட்டது என்பது மட்டும் எங்கும் இருக்காது.

"விட்டு விட்டு" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. மருந்து கொடுத்ததும் இறங்கி, ஐந்தாறு மணி நேரத்தில் மறுபடி ஏறினால் அது இன்னும் முடியாத ஒரே காய்ச்சல். வைரஸ் காய்ச்சல் மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள் அப்படித்தான் ஏறி இறங்கும். இரண்டு வாரம் ஓடியாடித் திரிந்துவிட்டுப் புதிதாக வந்தால் அது வேறொரு கிருமி. அங்கன்வாடியிலோ பிரி-கேஜியிலோ சேர்ந்த முதல் வருடம் ஒரு குழந்தைக்கு ஆறு முதல் எட்டு முறை சளிக்காய்ச்சல் வருவது சகஜம், எதிர்ப்புச் சக்தி இல்லை என்று அர்த்தமில்லை. காய்ச்சல் இல்லாத நாளிலும் பிள்ளை சோர்ந்து கிடக்கிறான், சாப்பாடு இறங்கவில்லை, எடை ஏறவில்லை என்றால் அது மூன்றாவது வகை. விடாமல் காரணம் தேட வேண்டியது இதற்குத்தான்.

இதைப் பிரித்தறிய ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, மணி, எத்தனை டிகிரி, என்ன மருந்து எத்தனை மி.லி., எப்போது சிறுநீர் போனான், அன்றைக்குச் சளி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், தடிப்பு ஏதாவது உண்டா. ஒரு நாளைக்கு நாலைந்து வரி. காய்ச்சல் இல்லாத நாளில் "இன்று இல்லை" என்றும் எழுத வேண்டும், அந்த வரிதான் மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

டிகிரியைத் தெர்மாமீட்டர்தான் சொல்ல வேண்டும். நெற்றியில் கைவைத்துப் பார்த்து "உள்காய்ச்சல்" என்று முடிவுகட்டி மருந்து கொடுப்பது இன்னும் நிற்கவில்லை. டிஜிட்டல் தெர்மாமீட்டரை, வியர்வையைத் துடைத்த அக்குளில், முனை தோலில் படும்படி வைத்து, கையை உடம்போடு அணைத்து, 'பீப்' சத்தம் வரும்வரை பிடிக்க வேண்டும். 99.5 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சல். குளித்தவுடன், பால் குடித்து முடித்தவுடன், வெயிலில் இருந்து வந்தவுடன் பார்த்தால் கணக்குத் தவறும். மாலையில் எல்லா உடம்புமே காலையைவிடக் கொஞ்சம் சூடாக இருக்கும்.

இனி மருந்து. பாராசிட்டமால் பாதுகாப்பான மருந்துதான், ஆனால் அதன் பாட்டில்கள் பாதுகாப்பானவை அல்ல. ஒரே மருந்து கடையில் மூன்று வலுவில் கிடைக்கிறது: ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து, 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப். அட்டைப்பெட்டியின் நிறமும் படமும் ஒன்றுபோலவே இருக்கும். பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 150 மி.கி. 120 சிரப்பில் அது சுமார் 6 மி.லி. "ஆறு" என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை 250 பாட்டிலில் ஊற்றினால் இரட்டிப்பு அளவு போகும். சொட்டு மருந்தில் ஆறு மி.லி. கொடுத்தால் 600 மி.கி., அதாவது நான்கு மடங்கு. அப்படி இரண்டு மூன்று வேளை போனாலே கல்லீரலுக்கு ஆபத்து. அதிலும் குழந்தை சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் கிடக்கும் நாட்களில் ஆபத்து கூடுதல்.

இதற்கு நேர்மாறான தவறும் அன்றாடம் நடக்கிறது. எட்டு கிலோவாக இருந்தபோது எழுதிக்கொடுத்த 5 மி.லி.யையே பன்னிரண்டு கிலோ ஆன பிறகும் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அளவு பற்றாது, காய்ச்சல் இறங்காது. "இந்த மருந்து கேட்கல" என்று வேறொரு பாட்டிலைத் தேடிப் போவார்கள். வயதை வைத்து அல்ல, எடையை வைத்துத்தான் அளவு. ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வீதம், ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் போகாமல். தவிர்க்க முடியாத இரவில் நான்கு மணி நேர இடைவெளி வரை இறங்கலாம், ஆனால் நாளைக்கு நான்கு என்ற எண்ணிக்கை மாறக்கூடாது. எடை தெரியாவிட்டால் அங்கன்வாடியிலோ கிராம சுகாதார செவிலியரிடமோ நிறுத்துப் பார்க்கலாம்.

சிரப்பைக் குலுக்காமல் ஊற்றினால் முதல் வாரம் மேலே தெளிந்த நீர்த்த பகுதியும், பாட்டில் தீரும் நேரம் அடியில் தங்கிய கெட்டிப் பகுதியும் போகும். சமையலறை ஸ்பூன் அளவு வீட்டுக்கு வீடு மாறும், கூடவே வரும் மூடியோ ஊசியில்லாத சிரிஞ்சோதான் சரி. சிரிஞ்சை நாக்கின் மேல் பீய்ச்சாமல், கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் துப்பமாட்டான். கொடுத்த 15 நிமிடத்துக்குள் முழுவதையும் வாந்தி எடுத்துவிட்டால் ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம், அதற்குப் பிறகு என்றால் வேண்டாம். ஆசனவாயில் வைக்கும் மாத்திரையும் இதே பாராசிட்டமால்தான், அதுவும் ஒரு வேளைக் கணக்கு. சில சளி சிரப்களிலும் பாராசிட்டமால் கலந்திருக்கிறது, லேபிளைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது.

மருந்து வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும். 103 இருந்தது 101 ஆகி, பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தால் மருந்து வேலை செய்துவிட்டது. 98.6க்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று நினைப்பதால்தான் மேலும் மேலும் மருந்து போகிறது. தூங்கும் குழந்தையை எழுப்பி மருந்து ஊற்றவும் வேண்டாம்.

காய்ச்சல் இறங்கவில்லை என்றதும் மருந்துக்கடையில் நீட்டப்படுவது மெஃபனமிக் அமிலம், அல்லது ஐபுபுரூஃபென் கலந்த சிரப். மழைக்காலத் தமிழ்நாட்டில், டெங்கு இல்லை என்று தெரியாத நிலையில் இவற்றைக் கொடுப்பதை நாங்கள் வன்மையாக எதிர்க்கிறோம். இவை இரத்தத் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்கும், வயிற்றில் இரத்தக் கசிவை உண்டாக்கும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். நிமசுலைடு 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 2011-லேயே தடைசெய்யப்பட்டுவிட்டது.

நெற்றியில் மட்டும் ஈரத்துணி போடுவதால் காய்ச்சல் இறங்குவதில்லை. ஐஸ் தண்ணீரில் துடைத்தால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, குழந்தை நடுங்கி, அந்த நடுக்கத்தாலேயே உள்சூடு கூடும். துடைப்பதென்றால் மருந்து கொடுத்து அரை மணி கழித்து, வெதுவெதுப்பான நீரில், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு எல்லாம் துடைக்கலாம். நடுங்கினால் உடனே நிறுத்த வேண்டும். உடம்பு கொதிக்க, உள்ளங்கையும் பாதமும் மட்டும் ஜில்லென்று இருக்கும் அரை மணி நேரம் காய்ச்சல் ஏறிக்கொண்டிருக்கும் நேரமாக இருக்கலாம், அப்போது மெல்லிய போர்வை போதும். வியர்க்கத் தொடங்கியதும் அதையும் எடுத்துவிட வேண்டும். மூன்று போர்வை போட்டு ஜன்னலைச் சாத்துவது பிள்ளையை வாட்டுவதாகும். கற்பூரம் கலந்த எண்ணெயைக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதையும் பாட்டிமார் விட்டுவிட வேண்டும். கற்பூரம் சின்னக் குழந்தைகளுக்கு வலிப்பையே வரவழைக்கும்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுவதைவிடச் சிறுநீரைக் கவனியுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டும். தாய்ப்பால், உப்பு போட்ட அரிசிக்கஞ்சி, மோர், ரசம் எதுவானாலும் சரி. வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், சின்னதுக்கு 200 மி.லி. கொதித்து ஆறிய நீர், கூடவும் குறையவும் கூடாது. குளுக்கோஸ் மாவு அதற்கு ஈடாகாது.

அடுத்தது, பிரிட்ஜ் கதவில் இருக்கும் மிச்ச ஆன்டிபயாடிக். தண்ணீர் கலந்த பல ஆன்டிபயாடிக் சிரப்கள் ஒரு வாரத்தில் வலுவிழந்துவிடும். அது மட்டுமல்ல. சளியும் இருமலும் இல்லாமல் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்கு, குறிப்பாகப் பெண் குழந்தைக்கும் ஒரு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைக்கும், சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுப்பதற்கு முன் இரண்டு வேளை ஆன்டிபயாடிக் போய்விட்டால் கிருமி வளராது, தொற்று தீராது, பத்து நாளில் காய்ச்சல் மறுபடி வரும். இப்படிப் பலமுறை தவறவிட்ட தொற்று சிறுநீரகத்தில் தழும்பு விட்டுப் போகிறது. கைக்குழந்தையிடம் மாதிரி எடுக்க, அடிப்பகுதியைத் தண்ணீரில் கழுவி, அடிவயிற்றில் குளிர்ந்த ஈரப்பஞ்சால் வட்டமாகத் தேய்த்தால் சில நிமிடங்களில் போய்விட வாய்ப்புண்டு. முதல் துளிகளை விட்டு நடுத்தாரையை ஆய்வகம் தந்த குப்பியில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். மலச்சிக்கல் உள்ள பிள்ளைக்கு இந்தத் தொற்று திரும்பத் திரும்ப வரும், அதைச் சரிசெய்யாமல் மருந்து மட்டும் பயனில்லை.

டெங்குவில் நாள் எண்ணிக்கை உயிரோடு சம்பந்தப்பட்டது. மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். "விட்டுடுச்சு" என்று வீடு நிம்மதி அடையும் அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயை விட்டுக் கசியும் நேரம். காய்ச்சல் இல்லை, ஆனால் பிள்ளை துவண்டு கிடக்கிறான், வயிறு வலிக்கிறது என்கிறான், வாந்தி நிற்கவில்லை, கைகால் சில்லிட்டிருக்கிறது, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை: இதில் ஒன்று இருந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனை.

ஐந்து நாளைத் தாண்டியும் நிற்காத காய்ச்சலில் பெற்றோரே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நல்ல வெளிச்சத்தில் துணி முழுவதையும் கழற்றி, அக்குள், காதுக்குப் பின்புறம், தொடையிடுக்கு, அரைஞாண் கயிறு படும் இடம், முடிக்குள் என்று விரலால் தடவிப் பாருங்கள். சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம், தொட்டால் வலிக்காது. அது புதர்களில் இருக்கும் பூச்சி கடித்த இடம், ஸ்க்ரப் டைஃபஸ் நோயின் அடையாளம். தமிழ்நாட்டில், மழையும் பனியும் உள்ள மாதங்களில், இது அபூர்வமல்ல. சரியான மருந்து போனால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் நிற்கும். பார்க்காமல் விட்டால் நுரையீரலையும் மூளையையும் பாதிக்கும்.

நோட்டு தன் மதிப்பைக் காட்டும் இடம் இன்னொன்று உண்டு. மூன்று முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை, முறை வைத்ததுபோல் 103, 104 என்று ஏறும். தொண்டை சிவந்திருக்கும், வாய்ப்புண் இருக்கும், கழுத்தில் நெறி கட்டும். நாலைந்து நாளில் தானாக நிற்கும், நடுவில் பிள்ளை முழு ஆரோக்கியம். மருத்துவர்கள் இதை 'பீஃபாபா' என்பார்கள், இது தொற்றே அல்ல. ஒவ்வொரு முறையும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்து, தானாக நின்ற காய்ச்சலை நிறுத்திய பெயரை மருந்துக்கு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தேதிகளை வரிசையாக எழுதிக் காட்டினால்தான் இது மருத்துவரின் கண்ணில் படும்.

அதேபோல, அடிக்கடி சளி பிடித்தாலே 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' (குழந்தைகளுக்கு வரும் காசநோய்) என்று ஆறு மாத மருந்தைத் தொடங்கச் சொன்னால், எந்தப் பரிசோதனையில் தெரிந்தது என்று கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல் அல்லது இருமல், எடை இழப்பு, வீட்டில் யாருக்காவது காசநோய் இருப்பது ஆகியவைதான் சந்தேகத்துக்கு அடிப்படை. அப்படி இருந்தால் எக்ஸ்ரே, சளி அல்லது இரைப்பை நீர்ப் பரிசோதனை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம், தள்ளிப்போடக் கூடாது.

காய்ச்சலில் வலிப்பு வந்தால், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை இது வரக்கூடியதுதான். தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மணியைப் பாருங்கள். வாயில் விரல், ஸ்பூன், தண்ணீர், மருந்து எதுவும் கூடாது, கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எதுவும் நடக்காது. ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. சீக்கிரம் நின்றாலும் முதல் முறை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 இருந்தால் வீட்டு மருந்தே வேண்டாம், நேரே மருத்துவமனை.

தங்கள் நாளிதழிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்று. மழைக்காலம் முடியும்வரை வாரம் ஒருமுறை, வெட்டி பிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளும் அளவில், பாராசிட்டமால் ஒரு வேளை அளவை ஒரு சிறு கட்டமாக அச்சிட வேண்டும். எட்டு கிலோ: சொட்டு மருந்து 1.2 மி.லி., 120 சிரப் 5 மி.லி., 250 சிரப் 2.4 மி.லி. பத்து கிலோ: சொட்டு மருந்து 1.5, 120 சிரப் 6, 250 சிரப் 3. பன்னிரண்டு கிலோ: சொட்டு மருந்து 1.8, 120 சிரப் 7.5, 250 சிரப் 3.6. பதினாறு கிலோ: 120 சிரப் 10, 250 சிரப் 4.8. கட்டத்தின் அடியில், தடித்த எழுத்தில், "பாட்டிலில் எத்தனை மி.கி. என்று பார்த்த பிறகு ஊற்றவும்" என்ற ஒரு வரி.

இப்படிக்கு,
குழந்தைகள் வார்டில் பணிபுரியும் செவிலியர்கள் சிலர்