நீலக் கோபுரமும் வராத மான்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் காட்டோரக் குட்டைக் கரையில் மான் பார்ப்பதற்கென்று கட்டிய கோபுரத்தைப் பற்றி உங்கள் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்திருந்தது. மான் வரத்து குறைந்துவிட்டது, பொதுமக்கள் ஏமாற்றத்துடன் திரும்புகிறார்கள் என்று போட்டிருந்தீர்கள். வரத்து ஒன்றும் குறையவில்லை. என் கடலைக் கொல்லைக்கு விடிகாலையில் யாராவது வாருங்கள், குளம்புத் தடம் காட்டுகிறேன். மான்கள் கோபுரத்துக்கு எதிரே மட்டும்தான் வருவதில்லை. அதற்குக் காரணம் கோபுரமேதான்.

நான் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது 67. மான் விஷயத்தில் எனக்கு இரண்டு பள்ளிக்கூடம். ஒன்று எங்கள் அப்பா போட்ட பரண். இன்னொன்று டெக்சாசில் என் மாப்பிள்ளை வைத்திருக்கும் வேட்டைக் கூண்டு.

அப்பாவின் பரண் கொல்லை நடுவில் இருக்கும். நாலு பனங்கால், மேலே மூங்கில் தப்பை, அதன்மேல் வைக்கோல், ஓலைக் கூரை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு தகர டப்பாவையும் குச்சியையும் கொடுத்து என்னை ஏற்றிவிடுவார். மானோ பன்றியோ, பரணில் ஆள் இருப்பது அதற்குத் தெரிய வேண்டும், அதுதான் வேலை. அப்பா கீழே நின்று ஒரு பிடி செம்மண் புழுதியை அள்ளி விரல் இடுக்கில் விட்டுக் காற்றுப் பார்ப்பார். காற்று வருகிற பக்கத்து வரப்பில் ஒரு கம்பை நட்டு, தன் வேர்வைத் துண்டைக் கட்டிவிடுவார். “நீ தூங்கினாலும் என் வாசனை காவல் காக்கும்” என்பார்.

எங்கள் பக்கத்தில் வள்ளி திருமணம் நாடகம் போடாத ஊர் கிடையாது. வேடனாக வரும் முருகன், பரண்மேல் நிற்கும் வள்ளியிடம் இந்தப் பக்கம் மான் வந்ததா என்று விசாரிப்பார். பொழுதெல்லாம் ஆலோலம் பாடிக் கவண்கல் வீசுகிற இடத்துக்கு எந்த மான் வரும்? வந்தவர் மானைத் தேடி வரவில்லை என்பது வள்ளிக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, டெக்சாஸ் கதைக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசியில் மகள் வீட்டில் இருந்தேன். அங்கே அக்டோபரில் வில்லுக்கென்று தனியாக வேட்டைப் பருவம் விடுகிறார்கள். துப்பாக்கிக்கு அப்புறம்தான். உரிமம் வாங்க வேண்டும், 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். மாப்பிள்ளை கிளம்பும்போது நானும் வருகிறேன் என்றேன். மாமியாரை வேட்டைக்குக் கூட்டிப்போன மாப்பிள்ளை செட்டிநாட்டிலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

வண்டியில் ஏறும்போது நெளிந்துகொண்டே சொன்னார், “அத்தை, தப்பா நினைச்சுக்காதீங்க, தலையில இருக்கிற பூவை மட்டும் எடுத்துடுங்க.” எடுத்துவிட்டேன். முழங்காலில் தைலம் தேய்த்திருந்ததை நானும் சொல்லவில்லை, அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அந்தக் கூண்டு பன்னிரண்டடி உயரக் கால்களின்மேல் நிற்கும் ஒரு பெட்டி அறை. உள்ளே சுவரெல்லாம் கறுப்பு. தரையில் பழைய கம்பளம். நாலு பக்கமும் சன்னல் உண்டு, ஆனால் திறந்திருப்பது ஒன்றுதான். எதிர்ச் சன்னலும் திறந்திருந்தால் பின்னாலிருந்து வெளிச்சம் வந்து நம் தலை நிழற்படம் போலத் தெரிந்துவிடுமாம். திறந்த சன்னலையும் ஒட்டி உட்காரக் கூடாது, இரண்டடி தள்ளி இருட்டுக்குள் உட்கார வேண்டும். ஐந்தரை மணிக்கு ஒரு பெட்டை மான் வந்தது, முப்பது கெஜ தூரத்தில். காற்று லேசாகத் திரும்பியது. மூக்கை உயர்த்தியது. முன்னங்காலால் தரையை ஒரு தட்டு, இன்னொரு தட்டு. புஸ்ஸென்று ஒரு சீறல். வெள்ளை வால் மேலே எழும்பியதுதான் தெரியும், அதையும் காணோம், பின்னால் வந்த இரண்டையும் காணோம். எங்களை அது பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. என் முழங்கால் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

மறுநாள் மணமில்லாத சோப்பில் குளித்துவிட்டுப் போனேன். கண்ணாடி வளையலைக் கழற்ற மனசில்லை, கைக்குட்டையால் சுற்றிக் கட்டிக்கொண்டேன். மெட்டி பலகையில் உரசாமல் இருக்க இரண்டு காலுறை. மாப்பிள்ளை பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் குப்பியை எடுத்து ஒரு அமுக்கு அமுக்கினார். வெள்ளைப் பொடி புகைபோல வந்து வடக்கே நகர்ந்தது. அப்பாவின் செம்மண் புழுதியைத்தான் குப்பியில் அடைத்துக் காசுக்கு விற்கிறார்கள்! தெற்குக் காற்று என்று தெரிந்ததும் முதல் நாள் கூண்டை விட்டுவிட்டு வேறு கூண்டுக்குப் போனோம். எந்தக் காற்றுக்கு எந்தக் கூண்டு என்று கணக்கு வைத்திருக்கிறார். உயரத்தில் இருந்தால் நம் வாசனை மான் தலைக்கு மேலே போய்விடும் என்பது பாதிதான் உண்மையாம். சாயங்காலம் காற்று குளிர்ந்து கீழே இறங்கும்போது வாசனையும் கூடவே பள்ளத்துக்கு இறங்கிவிடும்.

பொழுது சாயும் நேரத்தில் வந்தது எது தெரியுமா? நம்ம ஊர்ப் புள்ளிமான். 1932-ல் கொண்டுபோய் விட்டார்களாம், இப்போது அங்கே காடு மேடெல்லாம் அதுதான். ஏழு கடல் தாண்டிப் போயும் அதே புள்ளி, அதே நடை. மாப்பிள்ளை அசையவே இல்லை. மான் மேயும்போது கூடச் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்க்கும், நாம் அசைகிறோமா என்று ஏமாற்றிப் பார்ப்பது போல. அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்த அந்த நொடியில்தான் வில்லை இழுத்தார். இருபது கெஜம் இருக்கும். எய்தார். அம்பு நொடிக்கு 300 அடி போனால் சத்தம் 1,100 அடி போகிறது. நாண் சத்தம் முந்திக்கொண்டது, மான் ஓடுவதற்காகக் காலை மடித்துத் தாழ்ந்தது, அம்பு முதுகுக்கு மேலே போய் மண்ணில் குத்தியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வார்.

இப்போது நம் கோபுரத்துக்கு வருவோம். மூன்று முறை ஏறிப் பார்த்தேன். முதல் தப்பு நிறம். வானத்து நீலத்தில் பளபளவென்று அடித்து வைத்திருக்கிறார்கள். மானுக்குச் சிவப்பு தெரியாது, ஆரஞ்சு மங்கலாகத்தான் தெரியும், ஆனால் நீலம் நன்றாகத் தெரியும். எல்லா நிறத்தையும் விட்டு அதையே தேடிப் பிடித்திருக்கிறார்கள். (சலவைத்தூளில் துணி பளிச்சென்று இருக்கச் சேர்க்கும் பொருளும் மான் கண்ணுக்குப் பளபளக்கும். வெள்ளை வேட்டியில் ஏறுகிற நம் ஊர்ப் பெரியவர்கள் கோபிக்கக் கூடாது.) இரும்புப் படி, தகரத் தரை. ஏழாவது படியில் கால் வைத்தால் டொக்கென்று குட்டையின் அக்கரை வரைக்கும் கேட்கிறது. நாலு பக்கமும் திறப்பு.

இதையெல்லாம் விடப் பெரிய தப்பு இடம். கோபுரம் குட்டைக்கு மேற்கே, ரோட்டை ஒட்டி நிற்கிறது. சாமான் இறக்க வசதி என்று வைத்திருப்பார்கள். மான்கள் வருவது கிழக்கே இருக்கும் தைலமரக் காட்டிலிருந்து. காட்டுக்குள் தண்ணீர் வற்றி அவை குட்டைக்கு வருகிற ஆனி, ஆடியில் மேலைக்காற்று ஆளைத் தள்ளும். கோபுரத்தில் நிற்பவர்களின் பவுடர், வேர்வை, வறுத்த கடலை எல்லாம் நேராக மானின் மூக்குக்குப் போகிறது. சாயங்கால வெயிலும் பின்னாலிருந்து அடித்து எல்லோரையும் நிழலுருவமாகக் காட்டுகிறது. என் அப்பா வரப்பில் துண்டு கட்டியது எதற்காகவோ, அதே வேலையை இந்தக் கோபுரம் பெரிய அளவில் செய்துகொண்டிருக்கிறது.

மறைந்திருக்கக் கற்றுக்கொடுத்தால் திருட்டு வேட்டைக்கு உதவாதா என்று ஒருவர் கேட்டார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் மானைக் கொல்வது குற்றம், அது அப்படியே இருக்கட்டும். டார்ச்சும் நாட்டுத் துப்பாக்கியுமாக ராத்திரியில் வருகிறவனுக்கு என் கடிதம் தேவையில்லை. பிள்ளைகள் மானைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. சத்தம் போடாமல் இருப்பதும் நம் பக்கத்துக்குப் புதிதில்லை. வேட்டங்குடிச் சரணாலயத்துப் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

கோபுரத்தை இடிக்கச் சொல்லவில்லை. குட்டைப் பக்கத்துத் திறப்பைத் தவிர மற்றதைத் தட்டி வைத்து அடைத்தால் போதும். வெளியே செம்மண் நிறம், உள்ளே கறுப்பு. ஏழாம் படிக்கு ஒரு வெல்டிங். ஆனி, ஆடியில் கோபுரத்தைப் பூட்டிவிட்டு, குட்டைக்கு வடகிழக்கு மூலையில் நாலு பனங்காலில் ஒரு பரண் போடலாம், ஒரு வண்டி ஓலை போதும். மான் இறங்கும் தடத்தை விட்டுத் தள்ளி, மேலைக்காற்று நம் வாசனையை ஆளில்லாத பொட்டலுக்குக் கொண்டுபோகிற இடம் அதுதான். நானே போய்ப் புழுதி விட்டுப் பார்த்துவிட்டேன். தகரத் தரையில் விரிக்கக் கோரைப்பாய் வேண்டுமென்றால், என் வீட்டுப் பரணில் ஐந்தாறு சும்மா கிடக்கின்றன. சம்பந்தப்பட்டவர்கள் யாராவது வந்து எடுத்துப் போகலாம், மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை மட்டும் தூங்குவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
திருப்பத்தூர் வட்டம், சிவகங்கை மாவட்டம்.