மீசை உரியற சீன்

அன்புள்ள மீனு,

நீ அனுப்பின 'கோல் மால்' ரீமேக் திரைக்கதையை முழுசா படிச்சாச்சு. அப்பாவும் படிச்சார். சிரிப்பு வந்த இடத்தில எல்லாம் ஓரமா பென்சில் கோடு போட்டிருக்கார். ஒன்பது கோடு இருக்கு, அதில நாலு பழைய படத்திலேயே இருந்த சிரிப்பு. மெயில்ல ஒரு வரிகூட எழுதாம ஃபைலை மட்டும் அனுப்பியிருக்கே. போன்ல சொல்லலாம்னா நீ எடுக்கறதில்லை. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியா இருக்கும். அதனால எழுதறேன், நிதானமா படி.

முதல்ல உரிமை விஷயம். தயாரிப்பாளர்கிட்ட 'கோல் மால்' ரீமேக் பேப்பர் இருக்குன்னு சொன்னே. அதை நீ கண்ணால பார்த்தியா? 1979ல வந்த இந்திப் படம். என்.சி. சிப்பி தயாரிப்பு, ரிஷிகேஷ் முகர்ஜி இயக்கம், கதை சைலேன் டே, திரைக்கதை சச்சின் பௌமிக், வசனம் ராஹி மாசூம் ரஸா. படத்தோட காப்புரிமை வெளியான மறுவருஷத்திலிருந்து 60 வருஷம், அதாவது 2039 முடியற வரைக்கும் யாரோ ஒருத்தர் கையில இருக்கும். கதைக்கு எழுதினவர் காலத்துக்கு அப்புறமும் 60 வருஷம். ரெண்டும் ஒரே கையில வந்து சேர்ந்திருக்கா, எந்தெந்த மொழிக்கு, தியேட்டருக்கா ஓடிடிக்கா, எத்தனை வருஷத்துக்குள்ள எடுத்து முடிக்கணும் – இந்த நாலையும் பேப்பர்ல பார். தலைப்பை இப்பவே மாத்திடு. 2006லேருந்து கோல்மால்னா ஜனங்களுக்கு ரோஹித் ஷெட்டி படம்தான் ஞாபகம் வருது.

உன் ஒப்பந்தம் கையெழுத்து ஆச்சா? அட்வான்ஸ் வந்துதா? இதைப் பின்னாடி மறுபடியும் கேப்பேன்.

இப்ப கதைக்கு வரேன். இந்தப் படத்தை ஏற்கெனவே பலபேர் திருப்பி எடுத்தாச்சு. 1981ல பாலசந்தர் 'தில்லு முல்லு'ன்னு எடுத்தார். ஹாக்கி மேட்ச் ஃபுட்பால் ஆச்சு, முதலாளி முருக பக்தர் ஆனார், விசு வசனம். முழுப்படமும் காமெடியா ரஜினி நிக்க முடியும்னு அதிலதான் தெரிஞ்சுது. 2012ல இந்தியில 'போல் பச்சன்', 2013ல பத்ரி எடுத்த இன்னொரு 'தில்லு முல்லு'. நீ எழுதறது புதுசுன்னு யாரும் ஏமாறப் போறதில்லை. முன்னாடி எடுத்தவங்க எந்த ஆணியைப் பிடுங்கினாங்க, பிடுங்கினதும் எது சரிஞ்சுதுன்னு பார்த்துட்டு எழுதினா பாதி வேலை முடிஞ்சுது.

'போல் பச்சன்'ல பொய்க்கான காரணத்தையே மாத்தினாங்க. தண்ணியில விழுந்த பையனைக் காப்பாத்த அப்பாஸ் அலி பூட்டியிருந்த கோயிலைத் திறந்துடறான், கலவரம் வரக்கூடாதுன்னு இந்துப் பேர் சொல்லிடறாங்க. வேலைக்காகச் சொன்ன பொய்யைவிட இது பெரிய காரணம்தான். ஆனா காரணம் அவ்வளவு பெரிசானா, மாட்டிக்கற பயமும் அதே அளவுக்கு வளரணும். அங்கே பயம் வளரலை, கார்தான் பறந்துது. வசூல் ஆச்சு, இல்லைங்கலை. உன்கிட்ட கேக்கறது அந்த மாதிரிப் படமா, ரிஷிகேஷ் மாதிரிப் படமா? அதையும் தயாரிப்பாளர்கிட்ட எழுத்தில வாங்கிக்கோ. பாதி டிராஃப்ட்ல மனசு மாறுவாங்க.

மூலப்படத்தில ராம்பிரசாத் சி.ஏ. முடிச்ச பையன். அப்பா அம்மா இல்லை, தங்கச்சி இருக்கா. அவனுக்கு வேலை வேணும். முதலாளி பவானி சங்கருக்கு மீசை இல்லாதவனைக் கண்டா ஆகாது, விளையாட்டு சினிமான்னு பேசற பையன் ஆகாது. அதனால இவன் நண்பன்கிட்ட குட்டைக் குர்த்தா கடன் வாங்கிப் போட்டுக்கிட்டு, துணி மிச்சம்னு சொல்லி வேலை வாங்கறான். அப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு சொல்லிட்டு மேட்ச் பார்க்கப் போறான், அங்கே முதலாளி இவனைப் பார்த்துடறார். அது என் இரட்டைத் தம்பி லட்சுமண்னு ஒரு பொய். தம்பிக்கு மீசை கிடையாதுன்னு அடுத்த பொய். அப்போ நிஜ மீசையை மழிச்சே ஆகணும்.

இந்த மழிக்கற இடம்தான் படத்தோட அச்சாணி. அதுவரைக்கும் வாயால சொன்ன பொய், இப்ப முகத்தில ஏறிடுச்சு, திரும்பிப் போக வழியில்லை. அன்னிலேருந்து ராம் ஒட்டு மீசை, லட்சுமண் மழிச்ச முகம். நீ இதை எடுத்துட்டு மூக்குக் கண்ணாடி வெச்சிருக்கே. கண்ணாடியை மரியாதையா கழட்டி பாக்கெட்ல வெச்சுக்கலாம் மீனு. ஒட்டு மீசை அப்படி இல்லை, பாதி உரிஞ்சு தொங்கும், அது தொங்கறது போட்டிருக்கறவனுக்கு மட்டும் தெரியாது. எதிர்ல நிக்கறவர் முகத்தில ஒரு வார்த்தை இல்லாம படம் திரும்பிடும். உனக்கு மீசை பழசாத் தோணினா வேற எதையாவது வை, ஆனா அது மூணு பரீட்சை தாண்டணும்: செஞ்சா உடனே திரும்ப வராது, போலியா ஒட்ட முடியும், தப்பான நேரத்தில தானா உரியும். எனக்குத் தெரிஞ்சு மீசையைத் தவிர வேற எதுவும் மூணையும் தாண்டலை.

மீசையே இருக்கட்டும்னா, ஷெட்யூல் போடற உதவி இயக்குநருக்கு இப்பவே ஒரு பக்கம் எழுதிக் கொடு. நிஜ மீசை வர்ற சீன் எல்லாம் முதல் ஷெட்யூல். மழிக்கறதை ஒரே டேக், ரெண்டு கேமரா. அப்புறம்தான் ஒட்டு மீசை. ஒட்டு மீசைக்கு அடியில மெல்லிசா வலை இருக்கும், ஸ்பிரிட் கம் வெச்சு ஒட்டுவாங்க. மே மாசத்து மும்பை வேர்வையில மேல் உதடு ஓரம் ரெண்டு மணி நேரத்தில தூக்கிக்கும். மூணு நாலு ஒரே மாதிரி மீசை தயாரா இருக்கணும், ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி போட்டோ எடுத்து வெச்சுக்கணும். இன்னிக்கு கேமராவில வலையோட விளிம்பு தெரியும். ராம் வேஷத்தில தெரிஞ்சா பரவாயில்லை, அது போலின்னு பார்க்கறவனுக்குத் தெரியும். முதல் அரைமணி நேரத்தில தெரிஞ்சா படம் போச்சு.

அடுத்தது போன். 1979ல ஒருத்தன் ரெண்டு ஆளா வாழலாம். இன்னிக்கு மேட்ச் முடியறதுக்குள்ள யாராவது வீடியோ போட்டுடுவான். இதுக்கு நீ ஹேக்கர் நண்பன், போலி புரொஃபைல்னு பன்னிரண்டு பக்கம் செலவு பண்ணியிருக்கே. அந்தப் பன்னிரண்டு பக்கத்தில அப்பாவோட பென்சில் ஒரு இடத்திலகூட படலை. டெக்னாலஜியை ஹீரோ ஜெயிக்க வேண்டாம், முதலாளியே அதை வெறுக்கட்டும். மீசைப் பைத்தியத்தோட போன் வெறுப்பும் அவருக்குச் சேரட்டும். உன் ஸ்டார்ட்அப் ஆபீஸைத் தூக்கிட்டு, மும்பை கல்பாதேவியில மூணு தலைமுறையா இருக்கற ஜவுளி மொத்த வியாபாரக் கடையா மாத்து. வாசல்ல ஒரு மர டிராயர், உள்ளே வர்றவன் எல்லாம் போனை அதில போட்டுட்டு வரணும். சிவப்புத் துணி போட்ட கணக்குப் புத்தகம் ஒரு பக்கம், ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்க சி.ஏ. தேவைப்படற நிலைமை இன்னொரு பக்கம். ஹீரோ இன்டர்வியூவுக்கு பட்டன் போன் கடன் வாங்கிட்டுப் போறான். குட்டைக் குர்த்தாவுக்கு இது நேர் ஜோடி. அந்த டிராயர்ல கிடக்கற போன் எந்த நேரத்தில அடிக்கணும்னு நான் சொல்லித் தர வேண்டாம், ஏழாவது சீன்ல அந்த லிஃப்ட் விஷயத்தை நீ எழுதியிருக்கற அழகுக்கு. அந்த சீனை அப்பா எனக்குப் படிச்சே காட்டினார். காலையில பால்காரர்கிட்டேயும் சொன்னார்.

தம்பியையும் அதே கடையில வேலைக்குச் சேர்த்திருக்கே, அது நடக்காது. ஒரு ஆதாருக்கு ஒரு யு.ஏ.என்., அதாவது ஒரு பி.எஃப். நம்பர்தான். பி.எஃப். கட்டற அன்னிக்கே இரட்டையர் கதை முடிஞ்சுடும். ஒரே நேரத்தில ரெண்டு கம்பெனிக்கு வேலை செஞ்சவங்க பலபேர் இப்படித்தான் மாட்டறாங்க. மூலத்தில லட்சுமண் முதலாளி பொண்ணுக்குப் பாட்டு வாத்தியார், வீட்டுக்கு வந்து போறவன். சம்பளப் பட்டியலே இல்லை. அதை அப்படியே வெச்சுக்கோ. பி.எஃப்.னதும் ஞாபகம் வருது. உன் பாஸ்புக்ல கடைசி வரவு மார்ச்சோட நிக்குதுன்னு அப்பா பார்த்தார். நாமினி பேர் சரியா இருக்கான்னு பார்க்கத்தான் திறந்தார், வேற ஒண்ணும் இல்லை. கம்பெனி லேட்டா கட்டறாங்க போல. சில கம்பெனி அப்படித்தான். எப்படி இருந்தாலும் அந்தப் பணத்தில கை வைக்காதே.

29ஆம் பக்கம். ஹீரோ ஜுஹூ பீச்ல உக்காந்துக்கிட்டு அம்மாவுக்கு போன் பண்ணி ஆபீஸ்ல இருக்கேன்னு சொல்ற சீன். இந்த டிராஃப்ட்லயே நல்லா எழுதின வசனம் அதுதான். ஆனா வெட்டிடு. ஹீரோவுக்கு அம்மா உயிரோட இருந்தா முதலாளி முன்னாடி நிறுத்த ஒரு போலி அம்மா வேண்டியிருக்காது. போலி அம்மா இல்லைன்னா மூலத்தில அந்த வேஷம் போட்ட தீனா பாட்டக் இல்லை, நம்ம 'தில்லு முல்லு'ல சௌகார் ஜானகி இல்லை, முதலாளி வர்றதுக்குள்ள ஜன்னல் வழியா ஏறி உள்ளே வர்ற சீனும் இல்லை. ரெண்டாம் பாதியே அந்த அம்மா தோள்லதான் நிக்குது. அதுவும் இல்லாம, நீ எழுதியிருக்கற அம்மா உடனே நம்பிடறா. எந்த அம்மாவும் அவ்வளவு சுலபமா நம்ப மாட்டா. பின்னாடி அலைச்சத்தம் கேக்கும், ஏசி சத்தம் கேக்காது, லன்ச் டைம்ல குரல் தளர்ந்திருக்கும். தெரிஞ்சும் கேக்காம சாப்ட்டியான்னு மட்டும் கேட்டுட்டு வெச்சுடுவா. அந்த சீனை வேற படத்துக்கு எடுத்து வை.

முதலாளி வேஷத்துக்கு காமெடி நடிகரைப் போடறதா பேச்சுன்னு முன்னாடி சொன்னே. வேண்டாம். மூலத்தில முதலாளியா நடிச்ச உத்பல் தத் வங்காள மேடையில அரசியல் நாடகம் போட்டவர், அதுக்காக ஜெயிலுக்கும் போனவர். மீசையைப் பத்திப் பேசும்போது நாட்டோட எதிர்காலம் மாதிரியே பேசுவார். அதனாலதான் சிரிப்பு வருது. 'தில்லு முல்லு'ல தேங்காய் சீனிவாசன் சத்தமா பண்ணினார், ஆனா அவரும் நம்பித்தான் பண்ணினார். தான் சிரிப்புக்காரன்னு தெரிஞ்ச முதலாளி வந்தா சீன் அங்கேயே படுத்துடும். மூலத்தோட கடைசி போட்டோவில முதலாளியே மீசையை எடுத்துட்டு நிக்கறாரே, அது கட்டாயம் இருக்கணும். நீ அதைத் தூக்கிட்டு ஹீரோ மன்னிப்புக் கேக்கற மாதிரி ரெண்டு பக்கம் வெச்சிருக்கே. மன்னிப்பு யாருக்கு வேணும்? பையன் உண்மையைச் சொல்ல முடியாத மாதிரி வீட்டையும் கடையையும் வெச்சிருந்தது அந்தப் பெரிய மனுஷன்தானே. மாற வேண்டியது அவர்தான்.

சிரிப்புக்கு இடைவெளி விடறதில ஜாக்கிரதை. தியேட்டர்ல ஜனம் சிரிச்சு அடங்க ரெண்டு செகண்ட், அதாவது 48 ஃப்ரேம், விட்டுட்டு அடுத்த வசனம் வரலாம். போன்ல தனியா பார்க்கறவனுக்கு அதே ரெண்டு செகண்ட் ஓட்டையாத் தெரியும். அந்த ஓட்டைக்குப் பயந்துதான் ஒவ்வொரு வசனத்துக்கும் 'டொய்ங்'னு சத்தம் போட்டு நிரப்பறாங்க. இடைவெளியில ஏதாவது வேலை நடக்கட்டும் – டிராயர் மூடறது, மீசையைத் தடவறது, டீயை ஊதறது. இதை எல்லாம் திரைக்கதையிலேயே எழுதிடு, எடிட்டிங்ல வரும்னு விடாதே.

2013ல 'சஷ்மே பத்தூர்' ரீமேக் வந்த அன்னிக்கே, ஏப்ரல் 5, சாய் பராஞ்பே 1981ல எடுத்த மூலத்தையும் புதுப்பிச்சு ரிலீஸ் பண்ணினாங்க. பழசுல ஒரு பொண்ணு சோப்புத் தூள் விக்க கதவைத் தட்டறா, வாளியில துண்டு நனைக்கறா, காதல் வந்துடுது. புதுசு வாய் ஓயாம கத்துது. இந்த இடைவெளி வித்தியாசம் தெரியணும்னா ரெண்டையும் ஒரே ராத்திரியில பாரு.

கடைசியா, சம்பளத்தை கையெழுத்து, முதல் டிராஃப்ட், ரெண்டாவது டிராஃப்ட், ஷூட்டிங் ஸ்கிரிப்ட்னு நாலு தவணையாப் பிரிச்சு எழுதச் சொல்லு. பெயர் டைட்டில்ல எப்படி வரும்னு தனி வரி. 2012 காப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் எழுதறவங்களுக்கு ராயல்டி பங்கு உண்டு, அதை விட்டுக் கொடுத்தேன்னு எதிலயும் கையெழுத்துப் போடாதே. டிராஃப்ட்டை அந்தேரியில இருக்கற ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷன்ல பதிவு பண்ணிட்டு அனுப்பு, உறுப்பினருக்கு அங்கேயே ஒப்பந்தத்தைப் படிச்சு சொல்லுவாங்க. அட்வான்ஸ் வந்துதா? வரலைன்னா ரெண்டாவது டிராஃப்ட்ல கை வைக்காதே. வாடகை கட்டற தேதி அஞ்சுதானே?

அப்பா உன் கணக்குல 40,000 போட்டிருக்கார், பிரிண்டருக்குன்னு சொல்லச் சொன்னார். மீசை சீனையும் டிராயரையும் மாத்தி முதல் 40 பக்கத்தை மட்டும் அனுப்பு, பேப்பர்ல பிரிண்ட் எடுத்து கொரியர்ல. அப்பாவுக்கு ஸ்கிரீன்ல பென்சில் கோடு போட வரலை. உன் வீட்டு விலாசம் போட்டே அனுப்பு, பதில் அங்கேயே போடறேன்.

அம்மா