வலையில் எண்ணிய 3,150 கண்கள்

படுவான்கரை ஊரவர்களுக்கு,

குருக்கள்மடத்தில் பாதை (மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி அம்பிளாந்துறையில் இறங்கி நாளாந்தம் பாடசாலைக்கு வரும் கணக்கு டீச்சர் எழுதுகிறேன். சென்ற தவணை எங்கள் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு நீங்கள் செய்த உதவிக்கு இந்த மடல்.

முதலில் வீச்சு வலை பின்னும் மாமாவுக்கு. கூட்டல் விருத்தி (ஒரே அளவால் கூடிச் செல்லும் எண் தொடர்) படிப்பிக்கத்தான் உங்கள் திண்ணைக்கு வந்தோம். ஒவ்வொரு சுற்றிலும் 10 கண் கூடும் என்று நான் ஏற்கெனவே கரும்பலகையில் எழுதிவிட்டேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "இல்லை டீச்சர், மூன்று சுற்றுக்கு ஒருக்காத்தான் கூட்டுவம்" என்றீர்கள். பிள்ளைகள் முன்னால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் திருத்தத்தில்தான் கணக்கே இருந்தது. 60, 70, 80 என்று 150 வரை பத்து உறுப்புகள், ஒவ்வொன்றும் மூன்று சுற்று. கூட்டுத்தொகை 1,050, மும்மடங்கு 3,150. வாய்ப்பாடு கேட்டாலே தலை குனியும் ஒரு பையன், சூத்திரம் பாராமல் முதலையும் கடைசியையும் சோடி சேர்த்து விடை சொன்னான். அவன் வீட்டிலும் வலைதான் தொழில். இதை நான் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

பன்பாய் இழைக்கும் ஆச்சிக்கு: உங்கள் பாயைப் படம் எடுத்து ஜியோஜீப்ரா என்ற கணிதச் செயலியில் போட்டு, நடுவே சமச்சீர் அச்சு வரைந்தோம். ஓரிடத்தில் இரு பக்கமும் பொருந்தவில்லை. செயலியில்தான் பிழை என்று நாங்கள் வாதாடிக்கொண்டிருக்க, நீங்கள் எட்டிப் பார்த்து, "அது பேத்தி இழைச்ச இடம்" என்றீர்களே!

மத்தளத்தில் மூன்றடியையும் நாலடியையும் தட்டி, இரண்டும் எந்த அடியில் சேர்ந்து விழும் என்று கேட்ட, கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கும் நன்றி. பொது மடங்குகளுட் சிறியது (பொ.ம.சி.) 12 என்பதை வகுப்பில் இனி யாரும் மறக்கமாட்டார்கள். மேசையில் தட்டுவதைத்தான் நிறுத்த முடியவில்லை.

கட்டாரிலிருந்து மூன்று பழைய ஃபோன்களை அனுப்பிய தம்பிக்கும் நன்றி. ஒன்றின் திரை வெடித்திருக்கிறது, பரவாயில்லை, எக்செல் திறக்கிறது. சுற்றுகளின் எண்ணிக்கையை மாற்றிப் பெரிய வலைக்கு எத்தனை கண் என்று பிள்ளைகள் அதில்தான் பார்க்கிறார்கள்.

மாமா, மாதிரிக்குத் தந்த வலை இன்னும் வகுப்பில்தான் தொங்குகிறது. வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருகிறோம். இரண்டு கண் அறுந்துவிட்டது. அறுத்தவர்களே தைக்கிறோம் என்கிறார்கள், முடிச்சை மட்டும் ஒருக்கா காட்டிக் கொடுங்கள்.

அன்புடன்,
கணக்கு டீச்சர்