கொழுந்துக் கூடையோடு படம் எடுக்க வரும் தலைவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் வாக்குக் கேட்கும் எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும்,

வணக்கம். சம்பளப் பேச்சு சூடுபிடிக்கும்போதெல்லாம் நீங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வருகிறீர்கள். கூடையை முதுகில் போட்டு, கயிற்றைத் தலையில் மாட்டி, நாலு கொழுந்து கிள்ளிப் படம் எடுக்கிறீர்கள். அன்று மாலையே அந்தப் படம் எல்லார் போனுக்கும் வந்துவிடுகிறது.

என் அம்மா கொழுந்து எடுப்பவர். அப்படி ஒரு வருகையின்போது நிரையில், அதாவது தேயிலைச் செடி வரிசையில், நின்றவர்களை எல்லாம் கூப்பிட்டு ரோட்டோரம் வரிசையாக நிற்க வைத்தார்கள். வர வேண்டியவர் தாமதமாகத்தான் வந்தார். அந்திக்குக் கொழுந்து நிறுத்தபோது அம்மாவுக்கு அன்றைய இலக்கில் இரண்டு கிலோ குறைந்தது, அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான், போட்டார்கள். வந்தவர் பேசியதோ சம்பள உயர்வைப் பற்றி.

உங்கள் மேடைப் பேச்சில் இந்த அரைப்பேர் வருவதே இல்லை. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்கிறீர்கள், கைதட்டல் விழுகிறது. அதை முழுதாக வாங்க எத்தனை கிலோ எடுக்க வேண்டும், மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும், அதில் எவ்வளவு அடிப்படைச் சம்பளம் என்பதைச் சொல்வதில்லை. தோட்டக் கம்பனிகளும் சங்கங்களும் செய்த 2016 கூட்டு ஒப்பந்தத்தில் எல்லார் வாயிலும் இருந்தது 730 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. மீதி வருகைக்கும் கூடுதல் கிலோவுக்கும் தேயிலை விலைக்கும் கட்டி வைத்த காசு. ஓய்வுக்காகச் சேரும் சேமலாப நிதி கணக்கில் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது, ஓய்வு பெற்றுக் காசு எடுக்கப் போகிறவருக்குத்தான் தெரியும்.

ஆயிரம் ரூபாய் நாள் சம்பளக் கதையை நாங்கள் மறக்கவில்லை. 2019இல் கையெழுத்தானது 700 அடிப்படையும் 50 ரூபாய் விலைப் பங்கும். 2020 மார்ச் முதல் ஆயிரம் என்று அறிவித்தீர்கள், வரவில்லை. 2021 மார்ச்சில், குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பள நிர்ணய சபை வழியாக அரசாங்க அறிவிப்பு இதழான வர்த்தமானியில் வந்தது. சரி, வந்ததே என்று இருந்தால், பல தோட்டங்களில் கிலோ இலக்கைக் கூட்டினார்கள். அப்போது எந்தத் தலைவரும் கெமராவோடு வரவில்லை.

அப்புறம் 2024 மே தினம். கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி 1,700 ரூபாய் என்று அறிவித்தார். வர்த்தமானியும் வந்தது, வெடியும் கொளுத்தினார்கள். கம்பனிகள் வழக்குப் போட்டன, ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. கடைசியில் அந்த ஆண்டு நிலைத்தது 1,350தான். கம்பனிகள் நீதிமன்றம் போகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? அதற்கு ஈடுகொடுக்கும் சட்ட வேலையை முடித்துவிட்டு மேடை ஏறியிருக்கலாம். மே தினத்துக்கு முந்தைய நாள் தேதியிட்டு வர்த்தமானி வந்ததைப் பார்க்கும்போது, கூட்டத்துக்குத்தான் அவசரம் காட்டப்பட்டது என்றே நினைக்கிறேன். 1,700 வந்துவிட்டது என்று நம்பிக் கடன் வாங்கியவர்கள் நாங்கள் வாழும் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே இருக்கிறார்கள்.

மக்கள் கண்ணில் படும்படி போராடுவதை நான் குறை சொல்லவில்லை. 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலி முகத்திடலில் திரண்டார்கள். அதில் கலந்துகொண்டவர்களுக்கு அது தங்கள் அம்மா அப்பாவின் சம்பளம். கொழும்பு திரும்பிப் பார்க்க வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்குப் பாராளுமன்றம் இருக்கிறது, அமைச்சு இருக்கிறது, சம்பள நிர்ணய சபையில் உங்கள் சங்கங்களுக்கு இடம் இருக்கிறது. அங்கே பேச வேண்டியதைத் தேயிலைச் செடிக்கு நடுவில் நின்று பேசுவது எதற்கு?

2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாயும், அரசாங்கம் தரும் 200 ரூபாய் வருகை ஊக்கத்தொகையுமாக 1,750 என்றார்கள். இதையாவது ஒழுங்காக விளக்குங்கள். அரை நாள் போட்டால் அந்த 200 என்ன ஆகும், அதற்கு சேமலாப நிதி உண்டா, கிலோ இலக்கைக் கூட்டினால் யாரிடம் முறையிடுவது என்று தமிழில், ஒரே தாளில் எழுதி காலையில் வேலை பிரிக்கும் ஒவ்வொரு பெரட்டுக் களத்திலும் ஒட்டுங்கள். கீழே உங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் போடுங்கள்.

தோட்டத்துக்கு வரவே கூடாது என்று சொல்லவில்லை. வந்தால் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் வாருங்கள். தராசுக்குப் பக்கத்தில் நின்று, நிறையில் கழிவு என்று எவ்வளவு வெட்டுகிறார்கள், யாருக்கு அரைப்பேர் விழுகிறது என்று பாருங்கள், அதை அடுத்த சபைக் கூட்டத்தில் கேளுங்கள். நிரையில் நிற்பவர்களை மட்டும் வேலையை விட்டு இறங்கி வரச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்