கப்பல் எரிந்த இடத்தில்தான் ஆர்தஸ் கெட்டான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வார்கிராஃப்ட் 3 விளையாட்டின் இளவரசன் ஆர்தஸைப் பற்றிச் சென்ற இதழில் வந்த இரண்டு கடிதங்களையும் படித்தேன். ஃப்ராஸ்ட்மோர்ன் என்ற சாப வாளைத் தொடும்வரை அவன் குற்றமற்றவன் என்கிறார் ஒருவர். ஸ்ட்ராத்ஹோம் நகர மக்களை வெட்டியபோதே அவன் கொலைகாரன் என்கிறார் மற்றவர். நடுவில் இருக்கும் ஒரு கட்டத்தை இருவருமே தொடவில்லை.

முதலில் ஸ்ட்ராத்ஹோம். அதற்கு முந்தைய கட்டத்தில், ஹார்த்க்ளென் ஊரில், ஆண்டோர்ஹால் நகரிலிருந்து வந்த, கொள்ளைநோய் கலந்த தானியத்தின் பெட்டிகள் காலியாகக் கிடக்கின்றன. தானியத்தை ஊருக்குப் பங்கிட்டாயிற்று. அதைத் தின்றவர்கள் அவன் கண்ணெதிரிலேயே நடைபிணமாக எழுகிறார்கள். அவனுடைய குரு உத்தர் படையோடு வந்து சேரும்வரை 30 நிமிடம் ஆர்தஸ் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆகவே, ஸ்ட்ராத்ஹோமுக்குள் அந்தத் தானியம் போய்விட்டது என்று தெரிந்ததும் அடுத்து என்ன நடக்கும் என்பது அவனுக்கு ஊகம் அல்ல, பார்த்த காட்சி. நகரை அழிக்கச் சொல்கிறான். உத்தர் மறுக்கிறார், அவன் தோழியான மந்திரக்காரி ஜைனா விலகிப் போகிறாள். துரோகி என்று உத்தரைப் பார்த்துக் கத்தி, ஆர்தஸ் அவரைப் பதவியிலிருந்து நீக்குகிறான். கொடுமைதான். ஆனால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுச் செய்த கொடுமை. பிடிக்காதவர்கள் போகட்டும் என்று வழியையும் விட்டான்.

அந்தக் கட்டத்தின் அமைப்பைக் கவனியுங்கள். வீட்டை இடித்தால் ஆட்கள் வெளியே வருவார்கள், சற்று நேரத்தில் பிணமாக மாறுவார்கள். ஆர்தஸ் 100 பேரைத் தீர்க்குமுன், நடைபிணங்களை ஏவும் அரக்கன் மால்கானிஸ் 100 பேரைத் தன் பக்கம் சேர்த்துவிட்டால் தோல்வி. திரையோரத்தில் இரண்டு பேரின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே இருக்கும். பாதி ஆட்டத்துக்குள் நம் கண் வீடுகளை விட்டு அந்த எண்களுக்குப் போய்விடுகிறது. ஆர்தஸுக்கும் அதேதான் நேர்ந்தது என்பது என் எண்ணம். நாட்டைக் காக்கப் போனவன், மால்கானிஸை ஜெயித்தே தீருவேன் என்று அங்கேதான் மாறுகிறான். மால்கானிஸ் வடக்கே நார்த்ரெண்டுக்கு வா என்று கூப்பிட்டதும் யோசனையே இல்லாமல் கப்பல் ஏறுகிறான்.

இனி அந்த நடுக் கட்டம். உத்தரின் தூண்டுதலால் ஆர்தஸின் தந்தை மன்னர் டெரனாஸ் படையைத் திரும்ப அழைக்கிறார். வீரர்கள் கூடாரத்தைக் கலைத்துவிட்டுக் கப்பல்களை நோக்கிக் கிளம்புகிறார்கள். அவர்களுக்கு முன்னால் போய்க் கப்பல்களைக் கொளுத்த வேண்டும், அதுதான் நம் வேலை. ஆர்தஸ் கூலிப்படையைப் பொன் கொடுத்து அமர்த்துகிறான். அவர்களை வைத்தே வழியில் நிற்கும் எதிரிகளை விலக்கி, கப்பல்களை எரித்துவிடுகிறான். வீரர்கள் மூச்சிரைக்க ஓடி வந்து தீயைப் பார்த்து நிற்கும்போது, "எரித்தவர்கள் இவர்கள்தான், வெட்டுங்கள்" என்று அந்தக் கூலிப்படையையே காட்டுகிறான். உடனிருந்த குள்ளர் இன நண்பர் முராடின் திகைத்துப் போகிறார்.

ஒரே மூச்சில் மூன்று துரோகம்: தந்தையின் ஆணையை மீறியது, தன்னை நம்பிக் கடல் தாண்டி வந்தவர்களிடம் பொய் சொன்னது, கூலி வாங்கி உழைத்தவர்களைப் பலி கொடுத்தது. அப்போது அவன் கையில் ஃப்ராஸ்ட்மோர்ன் இல்லை. எந்தச் சாபமும் அவன் நாவை ஆட்டவில்லை. வாளைக் குறை சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

வாள் இருந்த பீடத்தில் எச்சரிக்கை எழுதியிருந்தது, முராடின் அதைப் படித்தும் சொன்னார். எந்தச் சாபத்தையும் ஏற்பேன் என்று ஆர்தஸ் வாளை எடுத்தான். பிறகு அவன் திறமைகள் மாறும் விதம் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். இளவரசனாக இருந்தபோது அவனுடைய புனித ஒளி, முதல் நிலையில், உயிருள்ள தோழனுக்கு 200 புள்ளி உயிர் தரும், நடைபிணத்தை 100 புள்ளி தாக்கும். நடைபிணங்களின் பக்கம் போய் மரண வீரனாக மாறியபின் அவன் வீசும் மரணச் சுருள் நடைபிணத்துக்கு 200 தரும், உயிருள்ளவரை 100 தாக்கும். எண்கள் அப்படியே இருக்கின்றன. யாருக்கு மருந்து, யாருக்கு நஞ்சு என்பது மட்டும் இடம் மாறிவிட்டது. விசுவாசம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை வசனமே இல்லாமல் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அவனைக் கர்ணனோடு ஒப்பிட்டிருந்தார் முதல் கடிதக்காரர். மொரீஷியசில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி பார்த்து வளர்ந்த நமக்குக் கர்ணனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தோற்கும் பக்கம் என்று தெரிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காக நின்றவன் அவன். துரியோதனனிடம் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. ஆர்தஸ் அதற்கு நேர்மாறு. சோறு போட்ட தந்தையை அரியணையிலேயே கொன்றான். அதோடு விடவில்லை. ஆண்டோர்ஹாலில் தானே வெட்டிச் சாய்த்த, கொள்ளைநோய் பரப்பிய மந்திரவாதி கெல்துசாட்டின் எலும்பைச் சுமக்க ஒரு தாழி வேண்டும் என்று, உத்தர் காவல் காத்த தாழியைப் பறிக்கப் போனான். அதில் இருந்தது டெரனாஸின் சாம்பல். தெரிந்தபின்னும் அவன் நிற்கவில்லை. உத்தரைக் கொன்று தாழியை எடுத்துக்கொண்டான்.

இப்படிக்கு,
ரோஸ் ஹில் வாசகர் ஒருவர்