அது ஸ்ட்ரைக்தான் ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் பெங்களூருப் பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆசையாகத்தான் படிக்க ஆரம்பித்தேன். "கேட்சர் தரையோடு பிடித்த பந்துக்கும் ஸ்ட்ரைக் கொடுத்தார் கத்துக்குட்டி அம்பயர்" என்ற வரி வந்ததும் மனசு விட்டுப்போயிற்று.

அல்சூரில் புது அம்பயர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். அந்த அம்பயர் பெண்ணும் என்னிடம் பழகியவள். அன்று வலைக்குப் பின்னால், அவளுக்கு நேர் பின்னே நின்றிருந்தேன். பேட்டர் அடிக்காமல் விட்ட பந்து, அடிக்கக்கூடிய இடத்தில் வந்திருந்தால் அது ஸ்ட்ரைக், அவனுக்கு எதிராகக் கணக்காகும். பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் அதை எங்கே பிடித்தார் என்பது கணக்கில்லை, பேட்டருக்குப் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டைத் தாண்டும்போது எங்கே இருந்தது என்பதுதான் கணக்கு. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். சிறுவர் பேஸ்பாலுக்கான லிட்டில் லீக் விதிப்படி, 17 அங்குல அகலப் பிளேட்டுக்கு மேலே, பேட்டரின் அக்குளிலிருந்து முழங்காலின் மேற்பகுதி வரைக்குள் பந்தின் ஓரம் உரசினாலே போதும்; அந்த இடத்துக்குத்தான் ஸ்ட்ரைக் ஸோன் என்று பெயர். பத்து வயதுப் பையன் 46 அடியிலிருந்து எறிகிற பந்து மெதுவாக ஏறி, தொப்பென்று இறங்கும். பிளேட்டின் முன் விளிம்பில் முழங்கால் உயரத்தில் வந்தது, கேட்சர் கைக்குப் போவதற்குள் மண்ணை ஒட்டிவிடும். அன்று நடந்தது அதுதான். அவள் அவசரப்படவில்லை. பந்து கையுறைக்குள் விழும்வரை கண்ணெடுக்காமல் பார்த்து, ஒரு மூச்சு விட்டுத்தான் கையைத் தூக்கினாள். அந்த நிதானம் வருவதற்கே பலருக்கு ஒரு சீசன் போய்விடும்.

உங்கள் நிருபர் உட்கார்ந்திருந்தது மூன்றாம் பேஸ் பக்கம், பெற்றோர்களோடு. அங்கிருந்து உயரம் தெரியும். பந்து பிளேட்டுக்கு மேலே வந்ததா, ஒதுங்கிப் போனதா என்பது தெரியாது. "கண்ணு தெரியலையா" என்ற கூச்சலும் அங்கிருந்துதான் வருகிறது. அப்புறம், சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் பிளேட்டின் இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் தாராளமாக விடச் சொல்வதே நாங்கள்தான். இல்லாவிட்டால் ஸ்ட்ரைக் ஆகாத பந்து நாலு வாங்கி எல்லோரும் முதல் பேஸுக்கு நடந்தே போவார்கள், ஒருத்தனும் மட்டையைச் சுழற்ற மாட்டான். இரண்டு அணிக்கும் கடைசி இன்னிங்ஸ் வரை அந்த ஓரம் மாறக்கூடாது. அவள் மாற்றவில்லை.

2008-ல் நம் நாட்டுப் பையன்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் பேஸ்பால் அணியில் ஒப்பந்தமானபோது, நீங்கள் நாலு வரி போட்டு, பக்கத்தில் கிரிக்கெட் மட்டை படம் வைத்தீர்கள். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. கிரிக்கெட் அம்பயர் தடுமாறினால் மனிதத் தவறு என்று எழுதுகிறீர்கள். டீயையும் பன்னையும் தவிர ஒன்றும் கிடைக்காமல், வெயிலில் முகமூடி மாட்டிக்கொண்டு நிற்கிற கல்லூரிப் பெண்ணுக்குக் கத்துக்குட்டிப் பட்டமா? படத்தோடு வேறு போட்டிருக்கிறீர்கள். அவள் வீட்டில் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

இரண்டு வரித் திருத்தமும், ஸ்ட்ரைக் ஸோனைக் காட்டும் சின்னப் படமும் போட்டால் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் நல்லது. அன்று அவளுக்கு ஆட்டம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அல்சூர், பெங்களூரு